வேட்டையும் விளைபுலமும்

உணவைப் பற்றிய அறவாராய்ச்சி நம் தமிழ்நாட்டில் மிகப் பழமையானது. 'எதனை உண்பது?' என்னும் வினாவை மருத்துவர் உடல்நலத்தை நோக்கியும், பொருளியலார் விலையை நோக்கியும் எழுப்புவர். அறநூலாரோ, நாம் உண்டு வாழ்வதற்காக மற்றோருயிர் எதனை இழக்கின்றது என்பதை நோக்கி எழுப்பினர். காட்டுவிலங்கை வேட்டையாடி உண்ணுதல் தகுமா, அன்றி நிலத்தில் விளைந்தவற்றை மட்டும் உண்டு வாழ்தலே அறமா என்னும் வழக்கு, இன்றும் மாணவர் சங்கங்களிற் சொற்போர்ப் பொருளாய் வருகின்றது. அச்சொற்போர்களில் இருதிறத்தாரும் உண்கலத்தையே நோக்கி வாதிடுகின்றனர். அவ்வுணவு விளைந்த நிலத்தையும், அந்நிலத்தின் எல்லையையும் நோக்குவார் அரியர். மலையும் காடும் சூழ்ந்து நிற்க, நடுவே நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு அவ்வெல்லையைக் கண்கூடாகக் காட்டவல்லது. ஆதலின் அதனையே சான்றிடமாகக் கொண்டு இப்பொருளைச் சிறிது விளக்க முற்படுவாம்.

முதற்கண் இருதிறத்தார் கொள்கையையும் சுருங்கக் காண்போம். வேட்டையை ஆதரிப்பார் கூறுவன மூன்று. ஓருயிர் மற்றோருயிரைத் தின்று வாழ்தல் இயற்கை நியதி என்பது ஒன்று. காட்டில் தன்னிச்சையாய்த் திரிந்து ஒருநாள் குண்டிற்கு இரையாகும் மான், கொட்டகையில் அடைபட்டு ஏறத்தாழ ஆறு வாரத்தில் அறுபடும் பண்ணைக்கோழியினும் நல்வாழ்வு வாழ்ந்தது என்பது மற்றொன்று. வேட்டையாடுவோன் தன் உணவின் விலையைத் தன் கண்ணாற் காண்கின்றான், கடையில் வாங்குவோன் காண்பதில்லை என்பது மூன்றாவது. மரக்கறியுணவினர் கூறுவனவும் மூன்று. விலங்கும் நம்மைப் போல் நோவும் அச்சமும் அறியும். இன்றியமையாத தேவை இல்லாதபோது அதனைக் கொல்லுதல் கொடுமை. தவசமும் பயறும் காயும் கனியும் கொண்டு உடலோம்புதல் கூடும் என்பன. பாலும் முட்டையும்கூட விலக்குவோர் 'பி12' என்னும் உயிர்ச்சத்தை வேறு வழியாற் பெறல் வேண்டும் என்னும் ஒன்றை ஒழித்து, இவற்றுள் இறுதிக் கூற்றை மருத்துவரும் மறுப்பதில்லை.

இயற்கை நியதி என்னும் வாதம் வலிவுடையதன்று. புலிக்கு ஊனன்றி வேறுணவில்லை. மானைக் கொல்லும் புலியை நாம் பழிப்பதுமில்லை. மனிதனுக்கோ வேறு வழியுண்டு. தெரிந்தெடுக்கும் ஆற்றல் எங்குண்டோ அங்கேதான் அறமும் பழியும் பிறக்கின்றன. ஏனைய இரண்டு வாதங்களும் அங்ஙனம் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. அவற்றைப் பின்னர் எடுத்துக்கொள்வாம்.

பண்டைத் தமிழர் வேட்டையை இழிதொழிலாகக் கருதினாரல்லர். வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்றிற் புகழ வந்த வன்பரணர், அவன் எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தியதென்கின்றார். பெரியபுராணத்துக் கண்ணப்பர் தாம் வேட்டையாடிய ஊனையே அன்புடன் இறைவற்குப் படைத்தார். ஆயினும் குறிஞ்சித்திணையை ஊன்றிக் கற்பார்க்கு மற்றோர் உண்மையும் புலப்படும். அந்நில மக்களின் உணவு வேட்டையூன் மட்டுமன்று. தினையும் தேனும் கிழங்குமாம். தினை விளையத் தொடங்கியவுடன் அதனைக் காக்கும் கவலையும் உடன் தொடங்குகின்றது. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியைப் பாடிய கபிலர் கேழற்பத்து, குரக்குப்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து என நான்கு பத்துக்களை அமைத்துள்ளார். பன்றி, குரங்கு, கிளி, மயில் என்னும் இந்நான்கனையும் பற்றித்தான் இன்றும் நம் மலையடிவாரத்து உழவர் முறையிடுகின்றனர்! பகலில் மகளிர் பரண்மீதிருந்து கிளியோட்டினர். இரவில் ஆடவர் தீப்பந்தமும் கவணும் கொண்டு விழித்திருந்தனர். எனவே, காட்டிற்கும் விளைபுலத்திற்கும் இடையே எழும் பூசல் இன்று தோன்றியதன்று. விதை விதைத்த அன்றே அது தோன்றிவிட்டது.

இனி அறநூலுக்கு வருவோம். திருவள்ளுவர் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரமாகவும், கொல்லாமையை 33ஆம் அதிகாரமாகவும் துறவறவியலில் வைத்தார். அவை துறந்தார்க்கே உரியன என்று கூறி இல்லறத்தார் ஒதுங்க முயல்வதுண்டு. ஆயினும் புலால் மறுத்தலில் அவர் காட்டும் காரணமொன்று எல்லோரையும் ஒருங்கே பற்றுவது. 'யான் கொல்லவில்லை, பிறன் கொன்றதை விலைக்கு வாங்கினேன், எனக்கென்ன பழி?' என்பானுக்கு, உண்போர் விருப்பமே விற்போரை உண்டாக்குகின்றது என்னும் கருத்துப்பட அவர் விடையிறுக்கின்றார். வாங்குவோன் பொறுப்பு என்று இதனைக் கூறலாம். கத்தி பிடித்த கைக்கு மட்டுமன்றிக் காசு கொடுத்த கைக்கும் செயலிற் பங்குண்டு என்பது அதன் பொருள். இக்கருத்தை நினைவிற் கொள்க. ஊன் வாங்குவோனை மட்டுமன்றி அரிசி வாங்குவோனையும் இது தொடர்ந்து செல்லும் என்பதைக் கீழே காட்டுவாம்.

கிறித்துவ மறையிலும் இப்பொருள் ஒருபடித்தாய் இல்லை. ஆதியாகமத்தின் முதலதிகாரத்தில் மனிதனுக்கு உணவாக அளிக்கப்பட்டவை விதைதரும் பூண்டுகளும் கனிதரும் மரங்களுமே. வெள்ளப்பெருக்கிற்குப் பின்னரே, ஒன்பதாம் அதிகாரத்தில், ஊனுணவிற்கு இசைவு வருகின்றது. அப்பொழுதும் இரத்தம் விலக்கப்படுகின்றது. நிம்ரோதும் ஏசாவும் வேட்டைக்காரராய்க் குறிக்கப்படுகின்றனர். உபாகமமோ, கூட்டிலுள்ள குஞ்சுகளோடு தாய்ப்பறவையையும் சேர்த்துப் பிடித்தலாகாது என்று எல்லை வகுக்கின்றது. இவையெல்லாவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு மிக நெருங்கியது யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரத்திலுள்ள ஒரு விதி. ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விடவேண்டும்; அதில் தானாக விளைந்ததை ஏழைகள் உண்ணவேண்டும்; அவர்கள் விட்டதைக் காட்டுவிலங்குகள் உண்ணவேண்டும் என்பது அவ்விதி. நிலமுடையவன் பயிரில் ஏழைக்கு மட்டுமன்றிக் காட்டுவிலங்கிற்கும் ஒரு பங்கு குறிக்கப்பட்டிருத்தல் ஈண்டுக் கருதத்தக்கது.

நிற்க. வேட்டை என்னும் ஒரு சொல்லுள் நால்வேறு செயல்கள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாமையே பல வாதங்கள் குழம்புதற்குக் காரணம்.

முதலாவது விளையாட்டு வேட்டை. போடிநாயக்கனூருக்கு மேலே, மூணாற்றுப் பகுதியிற் குடியேறிய ஆங்கிலத் தோட்டத்துரைமார் இரவிகுளம் புல்வெளியை வேட்டைக்கெனத் தமக்குள் ஒதுக்கிக் காவலிட்டனர். அக்காவலால் வரையாடு அங்கே பிழைத்தது. அவ்விடம் 1975ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 1978ஆம் ஆண்டிற் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. ஆதலின் வேட்டைக்காரரே காட்டைக் காத்தனர் என்பாருமுளர். விளைந்த நன்மையை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர்கள் காத்தது தம் பொழுதுபோக்கையே. வேட்டை நின்ற பின்னரும் வரையாடுகள் அங்கே நிலைபெற்று வாழ்தலின், அவற்றைக் காத்தற்கு வேண்டியது காவலேயன்றிக் கொலையன்று என்பது தெளிவாம்.

இரண்டாவது வாணிக வேட்டை. இதன் கொடுமையைப் பெரியாற்றுக் காடு நன்கறியும். தந்தத்திற்காகக் களிறுகள் மட்டும் தெரிந்தெடுத்துக் கொல்லப்பட்டமையால், 1980களின் இறுதியில் அங்கு வளர்ந்த களிறொன்றிற்கு வளர்ந்த பிடிகள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தனவென்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். கொல்லப்பட்டவை சில களிறுகளே எனினும், கன்று ஈனுதல் குறைந்து கூட்டம் முழுவதும் நலிந்தது. கருமந்தியின் ஊனும் இரத்தமும் மருந்தென்னும் நம்பிக்கையால், அவ்வினமும் மேற்குமலைத் தொடரிற் பெரிதும் வேட்டையாடப்பட்டது. இத்தகைய வேட்டை ஓருயிரை மட்டும் கொல்லுவதன்று. இனத்தின் எதிர்காலத்தையே கொல்லுவது.

மூன்றாவது பிழைப்பு வேட்டை. நம் மலைகளில் வாழும் பளியர் காட்டுவள்ளிக் கிழங்கு அகழ்ந்தும், தேனெடுத்தும், சிறுவிலங்குகளைப் பிடித்தும் நெடுங்காலம் வாழ்ந்தவர். அவர்கள் வேட்டையால் எவ்வினமும் அழிந்ததாகக் கூற இயலாது. தேவைக்கு மிஞ்சி அவர்கள் எடுத்ததுமில்லை. ஆயினும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எல்லோர்க்கும் பொதுவாய் வேட்டையை விலக்கிற்று. மலைவாழ் மக்கட்குப் பல உரிமைகளை மீட்டளித்த 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டமும், வழிவழி வந்த உரிமைகளுள் வேட்டையுரிமையை மட்டும் வெளிப்படையாக ஒதுக்கி வைத்தது. காட்டைத் திருத்தித் தேயிலையும் ஏலமும் காப்பியும் பயிரிட்டவரினும், காட்டோடு ஒன்றி வாழ்ந்தவரே உணவு முறையில் மிகுதியாய் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இச்சட்டம் வேண்டாவென்பது எம் கருத்தன்று. ஆயினும் கொல்லாமையின் செலவு யார் தலையில் விழுகின்றது என்னும் கேள்வி இங்கே முதலில் எழுகின்றது.

நான்காவது காவல் வேட்டை. பயிரையோ உயிரையோ காத்தற்பொருட்டு விலங்கைக் கொல்லுதல் இது. இதனைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

அதற்குமுன், வேட்டையூன் பொதுமக்கட்கு உணவாதல் கூடுமா என்பதைக் காண்போம். 2014ஆம் ஆண்டிற் பதிவாளர் நாயகம் எடுத்த மாதிரிக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதிற்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 97க்கு மேற்பட்டோர் புலாலுண்போர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழ்நாட்டு மக்கட்டொகை 7 கோடியே 21 இலட்சம். உலகிலுள்ள பாலூட்டிகள் அனைத்தையும் ஒரு துலையிலிட்டு நிறுப்பின், நூற்றில் 60 பங்கு வளர்ப்புக் கால்நடை, 36 பங்கு மனிதர், காட்டுவிலங்குகளோ கடலிலுள்ள திமிங்கிலத்தையும் உட்படுத்தி 4 பங்கே என்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. நூற்றில் 36 பங்கினர் 4 பங்கினரை வேட்டையாடி உண்ணத் தொடங்கின், காடு எத்தனை நாள் தாங்கும்? வேட்டையுணவு ஒரு சிலர் உண்ணும்வரை மட்டுமே இயல்வது. எல்லோரும் கைக்கொண்டால் உடனே அற்றுப்போவது. எல்லோரும் பின்பற்ற இயலாத ஒன்றைப் பொதுவறமாகக் கொள்ளுதல் பொருந்தாது. மான் பண்ணைக்கோழியினும் நல்வாழ்வு வாழ்ந்தது என்னும் வாதம் உண்மையே. அது பண்ணைக்கோழி வளர்ப்பைக் கண்டிக்கப் பயன்படுமேயன்றி, வேட்டையைப் பொதுவழக்காக்கப் பயன்படாது.

அற்றேல், மரக்கறியுணவினர் வழக்கில் வென்றனரோ எனின், இன்னும் இல்லை. அவர்தம் இலையிலிட்ட சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்டல் வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் முல்லைப்பெரியாற்று நீரை நம்பியுள்ளது. பென்னிகுயிக் துரையின் பொறுப்பில் 1887ஆம் ஆண்டிற் தொடங்கி 1895ஆம் ஆண்டில் முடிந்த அணையின் பின்னே, ஏறத்தாழ 26 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் ஏரி தேங்கிற்று. அத்தண்ணீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டு, வறண்டு கிடந்த நிலங்களை வளப்படுத்திற்று. பஞ்சத்தினின்று எத்தனையோ குடிகளைக் காத்த அச்செயலைப் போற்றாதார் இலர். ஆயினும் ஏரி தேங்கிய இடம் வெற்றிடமன்று. யானையும் மாடும் மேய்ந்த பள்ளத்தாக்குக் காடு. மூழ்கிய மரங்களின் பட்ட அடிகள் நூறாண்டு கடந்தும் நீரின்மேல் நிற்றலைத் தேக்கடியிற் படகேறினார் கண்டிருப்பர். அவ்வேரியைச் சூழ்ந்த காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கிற்று. 1978ஆம் ஆண்டில் அது புலிகள் காப்பகமாயிற்று. எனவே நம் பள்ளத்தாக்கில், ஒருபிடி ஊனும் உண்ணாதவன் உண்ணும் சோற்றிலும் காட்டின் இழப்பு கலந்தே உள்ளது.

நிலம் பயிரான பின்னரும் கொலை நிற்பதில்லை. நெல்வயலில் எலிக்கு நஞ்சிடுகின்றோம். காய்கறிக்கும் திராட்சைக்கும் பூச்சிமருந்து தெளிக்கின்றோம். நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கிளறும் பன்றிக்குக் கண்ணி வைக்கின்றோம். 2003ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீவன் டேவிஸ் என்பார் இதனையே எடுத்துக்காட்டி, உழவினால் மாளும் வயலெலி முதலியவற்றைக் கணக்கிட்டால், மேய்ச்சல் மாட்டிறைச்சி உண்போரினும் மரக்கறியுணவினரே மிகுதியான உயிர்களை மாய்ப்பவராவர் என்று வாதித்தார். அதே ஆண்டில் கேவரிக் மெத்தேனி என்பார் அதிலுள்ள பிழையை விளக்கினார். ஓர் ஏக்கருக்கு எத்தனை உயிர் மாள்கின்றது என்று எண்ணுதல் போதாது. ஒருவன் உணவிற்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். ஓர் ஏக்கர்ப் பயிர், அதேயளவு மேய்ச்சல் நிலத்தினும் பலமடங்கு மக்களை உண்பிக்கும் ஆதலின், தலைக்கு மாளும் உயிர் மரக்கறியுணவிற் குறைவே என்பது அவர் விடை. 2018ஆம் ஆண்டில் பூரும் நெமெசெக்கும் உலகளாவிய கணக்கெடுத்து, ஊன், மீன்பண்ணை, முட்டை, பால் ஆகியன விளைநிலத்தில் நூற்றுக்கு 83 பங்கைக் கொண்டு, மக்கள் பெறும் உணவாற்றலில் 18 பங்கே தருகின்றன என்று கண்டனர். ஆகவே, மரக்கறியுணவு கொலை குறைந்தது என்பது உறுதி. கொலையற்றது என்பது மட்டும் உண்மையன்று.

இங்கேதான் வள்ளுவர் காட்டிய வாங்குவோன் பொறுப்பு திரும்ப வருகின்றது. ஊன் வாங்குவோனுக்குக் கசாப்புக் கத்தியிற் பங்குண்டாயின், அரிசியும் காயும் வாங்குவோனுக்கு வயல்வேலியிற் பங்கில்லையென்று எங்ஙனம் கூறுவது? ஆனால் இரண்டிற்கும் ஒரு பெருவேறுபாடு உண்டு. ஊனுணவிற் கொலையே வழி. கொல்லாது ஊன் பெறல் இயலாது. பயிர்த்தொழிலிலோ கொலை பெரும்பாலும் கவனக்குறைவாலும், செலவுக்கு அஞ்சியும் நேர்வது, முயன்றாற் குறைக்கத்தக்கது. குறைக்கத்தக்கதைக் குறையாது விடுதலே மரக்கறியுணவினர்மேல் நிற்கும் கடன்.

அக்கடனின் அளவை அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில காட்டும். 2020ஆம் ஆண்டு மே மாதத்திற் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கத்தில், கருவுற்ற பிடியொன்று வெடிமருந்து பொதிந்த காயைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றுநீரில் நின்றவாறே மாண்டது. பன்றிக்கெனப் பயிர்க்காவலர் வைக்கும் வெடி அது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரிற் பெரியகுளத்தை அடுத்த கைலாசபட்டி மலையடிவாரத்திற் சிறுத்தையொன்று தோட்டவேலியிற் சிக்கி உயிரிழந்தது. 2023ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நம் பள்ளத்தாக்கினர் மறவார். அரிசியை நாடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்தமையால் 'அரிக்கொம்பன்' எனப் பெயர்பெற்ற களிறு, ஏப்ரல் 29இற் சின்னக்கானலிற் பிடிக்கப்பட்டுப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்டது. மேகமலை வழியாகச் சுற்றி, மே 27இற் கம்பம் நகர்க்குள் நுழைந்தது. அதனால் வீழ்த்தப்பட்டுக் காயமுற்ற ஒருவர் பின்னர் உயிர்நீத்தார். ஜூன் 5இல் மயக்கமருந்து செலுத்திப் பிடிக்கப்பட்ட அது, களக்காடு முண்டந்துறைக் காட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவ்யானையும் மரக்கறியுணவினதே! மனிதர் தானியத்தின் சுவையை அது அறிந்ததும், அதன் நிலத்தில் மனிதர் குடியேறியதும் சேர்ந்து விளைத்த துயரம் அது.

காட்டுப்பன்றியாற் பயிரிழக்கும் உழவரின் துயரமும் சிறிதன்று. கடன் பெற்று விதைத்த மக்காச்சோளத்தை ஓரிரவிற் பன்றிக்கூட்டம் உழுதுவிட்டாற் போல் ஆக்கிச் செல்லும். மறுநாள் அவன் வாயில் வந்து நிற்பார் கொல்லாமை போதிப்போர் அல்லர், கடன் கொடுத்தோர். தமிழ்நாட்டரசு 2025ஆம் ஆண்டு ஜனவரியில் இதற்கொரு முறை வகுத்தது. காப்புக்காட்டின் எல்லையினின்று 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடித்தலும் சுடுதலும் இல்லை; 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம்; 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடலாம் என்பது அது. கொலையை முற்றும் விலக்காவிடினும், யார், எங்கே, எப்பொழுது என்னும் வரம்பை இடுதலால், வெடிக்காயும் சுருக்குக்கம்பியும் விளைக்கும் கொடுமையினும் இது மேலானது. அவை பன்றியென்றும் பிடியென்றும் பிரித்தறியா. உடனே கொல்லவும் மாட்டா.

ஆயினும் சுடுதல் இறுதி வழியாதல் வேண்டும். முதல்வழி வேலியைத் திருத்துதல். சூரியவொளியால் இயங்கும் முறையான வேலி, நொடிக்கொரு முறை போல மிகக் குறுகிய மின்துடிப்பைச் செலுத்தும். விலங்கு அதிர்ந்து விலகும், சாகாது. வீட்டு மின்கம்பியினின்று நேரே இழுத்த வேலியோ விலங்கையும் கொல்லும், இருளில் வரும் அயலானையும் கொல்லும். இவற்றை ஒழுங்குபடுத்த 2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மின்வேலி விதிகள் வெளிவந்தன. இரண்டாவது வழி, இழப்பை ஈடுசெய்தல். வனவிலங்குகளால் நேரும் பயிரிழப்பையும் பயிர்க்காப்பீட்டுட் சேர்ப்பதாக நடுவணரசு 2025ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்தது. யாத்திராகமம் விலங்கிற்கு ஒதுக்கிய பங்கை, ஓர் ஏழை உழவன் மட்டும் கொடுக்காது, உண்போரனைவரும் கூடிக் கொடுக்கும் முறையாக இதனைக் கொள்ளலாம். மூன்றாவது வழி, காட்டறிவு உடையோரைக் காவலராக்குதல். பெரியாற்றுக் காட்டில் வயணமரப் பட்டையைத் திருடி விற்று வழக்குகளிற் சிக்கியிருந்தோரை, 1990களின் இறுதியில் வனத்துறை ஒரு குழுவாய்ச் சேர்த்துப் பயணிகட்கு வழிகாட்டிகளாகவும் காட்டிற்குக் காவலராகவும் ஆக்கிற்று. தண்டனை செய்யமுடியாததைப் பிழைப்பு செய்தது. விலங்கின் தடமறிந்து கொன்ற அறிவே விலங்கின் தடமறிந்து காத்தது.

வேட்டைக்காரன் தன் உணவின் விலையைத் தன் கண்ணாற் காண்கின்றான் என்னும் வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. அது உண்மையே, மரக்கறியுணவினர் அவனிடம் கற்கவேண்டியதும் அதுவே. கொன்று காணவேண்டும் என்பதன்று, காணவேண்டும் என்பது. புலாலை நீக்கிய அன்றே தன் கடன் தீர்ந்ததென்று எண்ணுவோன், தன் இலையைக் கண்டான், வேலியைக் காணவில்லை. சீவகாருண்யத்தைப் பெரிதும் வலியுறுத்திய இராமலிங்க அடிகள், கொல்லாமையைக் கூறியதோடு நில்லாது, 1867ஆம் ஆண்டில் வடலூரிற் தருமசாலை நிறுவிப் பசித்தோர்க்குச் சோறிட்டார். ஒன்றை விலக்குதல் அறத்தின் தொடக்கம். மற்றொருவர் துயரை ஏற்றல் அதன் நிறைவு.

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை. விளையாட்டுக்கும் வாணிகத்திற்கும் வேட்டையாடுதல் எவ்வாற்றானும் தகாது. பிழைப்பு வேட்டையை இகழ நமக்கு உரிமையில்லை; ஆயினும் அதனை எல்லோர்க்கும் உரிய வழியாகக் கொள்ளக் காட்டில் இடமில்லை. குறைந்த உயிரிழப்போடு நிறைந்த மக்களை உண்பிப்பது விளைபுல உணவே. ஆதலின் இயன்றவர் அதனை மேற்கொள்ளுதல் சாலச் சிறந்தது. மேற்கொண்டவர், விளைபுலத்தின் ஓரத்தில் நிற்கும் உழவனையும் விலங்கையும் மறவாதிருத்தல் அதனினும் சிறந்தது. கல்லூரி விடுதியில் ஒருவேளை உணவை மரக்கறியாக்கக் கேட்கும் மாணவர் கூட்டம், அவ்வரிசியும் காயும் வந்த ஊரின் வேலி எத்தகையது என்றும் கேட்கக் கற்குமாயின், அச்சொற்போர் பயனுடையதாகும்.